"சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு?": பார்டர்லைன் ஆளுமைக் கோளாறும் வீட்டுச் சண்டைகளும்

"ஒண்ணுமில்லாத விஷயம் மேடம், அதுக்குப் போய் வீட்டையே ரெண்டாக்கிட்டா." பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு உள்ளவர்களை அழைத்து வரும் குடும்பத்தார் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். விசாரித்தால் விஷயம் சின்னதாகத்தான் இருக்கும். உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் போவதும், நெருங்கியவர் தன்னை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயமும் இந்த மனநலக் கோளாறில் முக்கியமானவை.

பலரிடம் கேட்டதைக் கலந்து ஒரு நாளைச் சொல்கிறேன். மதியம் கணவருக்கு, "இன்னிக்கு சீக்கிரம் வர்றீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் மனைவி. நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அவர் மீட்டிங்கில் இருக்கிறார். சிறிது நேரத்தில் இன்னொரு செய்தி, அப்புறம் வரிசையாக அழைப்புகள். நாலு மணிக்கு, "நான் வேண்டாம்னா நேராச் சொல்லிடுங்க." எரிச்சலோடு வீடு வருபவர், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்கிறார். போன் சுவரில் போய் விழுகிறது. ராத்திரி கணவர் கோபித்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். எதற்குப் பயந்து இவ்வளவும் நடந்ததோ, அது நடந்தேவிட்டது. மறுநாள் காலை அழுது மன்னிப்புக் கேட்கிறார் மனைவி. "நேத்துப் பேசினது நிஜமா, இது நிஜமா?" என்று கணவர் என்னிடம் கேட்கிறார். இரண்டுமே நிஜம்தான். நடிப்பு என்று குடும்பம் சொல்வதைத்தான் நான் ஏற்பதில்லை.

இந்தக் கோளாறுக்காக டிபிடி என்ற பேச்சு சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், இவர்களுடைய உணர்ச்சி சட்டென்று கிளம்பும், உச்சத்துக்குப் போகும், இறங்க வெகு நேரம் எடுக்கும் என்று விளக்கினார். குடும்பம் கவனிக்கத் தவறுவது மூன்றாவதை. ஒரு மணி நேரம் கழித்து, "இப்ப சொல்லு, யார் மேல தப்பு?" என்று கணவர் பஞ்சாயத்தை ஆரம்பிக்கும்போது, அங்கே முதல் கொதிப்பே இன்னும் அடங்கியிருக்காது.

இன்னொன்று. எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தைக்கூட இவர்கள் கோபமான முகமாக எடுத்துக்கொள்வது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் வீடுகளிலோ, சண்டை வந்தால் நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது பழக்கம். "நான் வாயே திறக்கலையே" என்று பெருமையாகச் சொல்லும் கணவர்களுக்கும் மாமியார்களுக்கும் சொல்கிறேன்: திட்டுவதைவிட அந்த மௌனம் இவர்களை அதிகம் கலங்கடிக்கலாம்.

அதற்காக, கோபப்படுகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டாதீர்கள். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து நீண்ட காலமாக இருந்தால்தான், அதையும் மனநல மருத்துவரோ உளவியலாளரோதான் முடிவு செய்ய வேண்டும். பைபோலார் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் கோளாறு) என்று குழப்பிக்கொள்வதும் உண்டு. அதில் ஒரு மனநிலை நாள் கணக்கில், வாரக் கணக்கில் நீடிக்கும். இதில் பெரும்பாலும் சில மணி நேரம்தான். ஆண்களுக்கும் வரும். அவர்கள் 'முன்கோபி', 'குடிகாரர்' என்ற பெயரோடு வருவதால் பல சமயம் தெரியாமல் போகிறது.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்யலாம்? குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ள வேண்டாம், பயத்தை ஒப்புக்கொள்ளுங்கள். "பதில் வரலன்னதும் பயந்துட்டே, இல்ல? மீட்டிங்ல இருக்கேன், அஞ்சு மணிக்குக் கூப்பிடறேன்." சொன்னால் அஞ்சு மணிக்குக் கூப்பிட வேண்டும். கோபத்தில் வெளியே போக வேண்டியிருந்தால், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதே சமயம் எல்லாவற்றுக்கும் பணிந்துபோகவும் தேவையில்லை. பொருளை உடைத்தால், கைநீட்டினால் என்ன செய்வீர்கள் என்பதை அமைதியான ஒரு நாளில் பேசி வையுங்கள்.

"செத்துப்போறேன்" என்றால் மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் பேசலாம்.

பாதிக்கப்பட்டவர் தானே செய்யக்கூடியதும் உண்டு. முகத்தைக் குளிர்ந்த நீரில் அரை நிமிடம் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு குறையும் (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்). டைப் செய்த செய்தியை இருபது நிமிடம் கழித்து அனுப்பலாம். ஆனால் கைவைத்தியத்தோடு நின்றுவிட முடியாது. இந்தக் கோளாறுக்கென்று தனி மாத்திரை இல்லை. உடன் வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்குத் தரலாம். முக்கியச் சிகிச்சை பேச்சுதான். டிபிடி என்றால் பொதுவாக வாரந்தோறும், ஏறக்குறைய ஒரு வருடம்.

"கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பதுதான் நான் கேட்டதிலேயே மோசமான யோசனை. நெருக்கமான உறவில்தான் இந்தக் கோளாறு அதிகம் வெளிப்படும்.

'பிறவிக் குணம், மாறாது' என்பதும் தவறு. அமெரிக்காவில் 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு நோயறிதலுக்குத் தேவையான அளவு அறிகுறிகள் இல்லாமல் போயிருந்தன. வேலையும் உறவுகளும் சீராவதுதான் மெதுவாக நடந்தது. ஆறு மாதம் சண்டை இல்லையென்றதும் சிகிச்சையை நிறுத்திவிடும் குடும்பங்களுக்கு நான் காட்டுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.