நெல்லுக்கு வாய்க்காத துளி

அம்பாறைப் பக்கம் வேளாண்மை செய்கிற யாருக்கும் யூரியாவின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி நின்றபோது மூட்டைக்கு அலைந்தவர்கள் அவர்கள். அந்த யூரியாவின் நைதரசன் நெல்லுக்குள் போய் என்ன ஆகிறது? இலையில் சேரும் நைதரசனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஒரேயொரு புரதத்தைக் கட்டவே செலவாகிறது.

அதன் பெயர் றுபிஸ்கோ. காபனீரொட்சைட்டைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடக்கிவைக்கும் நொதியம். வேலை பெரியது, ஆள் சோம்பேறி. வேகமான வேறு நொதியங்கள் செக்கனுக்கு நூறு, ஆயிரம் என்று முடித்துத் தள்ளும்போது இது நாலைந்தோடு நின்றுவிடும். போதாக்குறைக்கு, காபனீரொட்சைட்டு என்று நினைத்து ஒட்சிசனையும் பிடித்துவிடும். அந்தப் பிழையைச் சரிக்கட்டுவதில் நெல் தான் சேர்த்த காபனில் ஒரு பகுதியை இழக்கிறது. வெப்பம் ஏற ஏற இழப்பும் ஏறும். நம் சிறுபோக வெயிலைச் சொல்லவும் வேண்டுமா!

அதே வட்டையில், வரம்போரம் தேங்கிய தண்ணீரில் படரும் பச்சைப் பாசிக்குள்ளும் இருப்பது றுபிஸ்கோதான். தண்ணீருக்குள் காபனீரொட்சைட்டு பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவு. நியாயப்படி பாசி நெல்லைவிட மோசமாகத் திணற வேண்டும். ஆனால் பச்சைப் பாசிகள் பலவும் தங்கள் றுபிஸ்கோவை ஓர் உருண்டையாகத் திரட்டி, காபனீரொட்சைட்டை நேரே அதற்குள் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. ஒட்சிசனின் போட்டி அங்கே அவ்வளவாக எடுபடாது. இந்த உருண்டைதான் பைரினொயிட்டு. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் கிளமிடோமொனசு என்ற பச்சைப் பாசியின் படத்தில் ஒரு வட்டம் போட்டு, பெயரைக் குறித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். உலகில் நடக்கும் காபன் பதித்தலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இத்தகைய உருண்டைகளில் நடப்பதாகக் கணிக்கப்படுகிறது.

இழைமணிக்கு மென்சவ்வு உண்டு, கருவுக்கு உண்டு, பச்சையவுருமணிக்கும் உண்டு. இந்த உருண்டைக்கு இல்லை. அப்படியானால் அது கலையாமல் இருப்பது எப்படி? பளிங்கு போல இறுகியிருக்கும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2017இல் அந்த எண்ணம் மாறியது. புரதத்தில் ஒளிரும் குறி ஒன்றை இணைத்து, உருண்டையின் ஒரு பாதியில் மட்டும் லேசரால் ஒளியை அணைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே மற்றப் பாதியின் மூலக்கூறுகள் வந்து கலந்து, இருண்ட பாதியும் ஒளிர்ந்தது. பளிங்கில் இது நடக்காது. உருண்டை ஒரு திரவத் துளி.

மீன் ஆணத்தின்மேல் எண்ணெய் துளிதுளியாகப் பிரிந்து நிற்குமே, ஏறக்குறைய அந்த வகை. ஒப்பீடு ஓரிடத்தில் பிசகும்: எண்ணெய் தண்ணீரைச் சேர்க்காது, இந்தத் துளிக்குள்ளோ தண்ணீர் தாராளம். வெளியே ஐதாக இருக்கும் புரதம் உள்ளே நெருங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

நெருக்கி வைப்பது எபிக்-1 என்ற இன்னொரு புரதம். நிலையான உருவமாக மடியாத நீண்ட சங்கிலி அது. றுபிஸ்கோவைப் பற்றும் இடங்கள் அதில் ஐந்து. அதை ஏற்கும் இடங்கள் றுபிஸ்கோவில் எட்டு. ஒன்று பலதைப் பிடிக்க, பிடிபட்ட ஒவ்வொன்றும் வேறு பலதைப் பிடிக்கும். இரண்டும் ஐதாக உள்ளவரை ஒன்றும் நடக்காது. செறிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் கூட்டம் திரண்டு துளியாகிவிடும். சூட்சுமம் பிடியின் பலவீனத்தில் இருக்கிறது. எந்தப் பிடியும் நீடிக்காததால் மூலக்கூறுகள் உள்ளே ஓடித்திரிகின்றன. பிடிகள் ஏராளம் என்பதால் துளி சிதறுவதில்லை. கலம் பிரியும்போது பைரினொயிட்டு இரண்டாகக் கிள்ளப்படும். அப்போது புரதத்தில் ஒரு பகுதி கரைந்து பரவி, அப்புறம் மறுபடி திரளும்.

இப்படியான துளிகள் பாசிக்கு மட்டும் உரியவை அல்ல. 2009இல் கிளிபோர்ட் பிராங்வின், அந்தோனி ஹைமன் ஆகிய ஆய்வாளர்கள் ஜேர்மனியின் டிரெஸ்டனில், ஒரு வட்டப்புழுவின் முளையத்துக்குள் மணி போன்ற துணிக்கைகள் ஒன்றோடொன்று கலப்பதையும் கருவின்மேல் வழிந்து சொட்டுவதையும் பார்த்ததிலிருந்துதான் இந்தத் துறை வேகம் பிடித்தது. நம் கலங்களின் கருவுக்குள் இருக்கும் புன்கருவும் இந்த வகைதான். பிடி இறுகிவிட்டால் ஆபத்தும் உண்டு: ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயோடு தொடர்புள்ள எஃப்யூஎஸ் புரதத்தின் துளிகள், சோதனைக் குழாயில் நேரம் செல்லச் செல்லக் கட்டியாகின்றன.

ஆனால் இப்போதெல்லாம் எதைக் கண்டாலும் துளி என்று எழுதும் ஆர்வம் கொஞ்சம் மிஞ்சிப்போய்விட்டது. குழாயில் அளவுக்கு மீறிக் கொட்டினால் பல புரதங்கள் துளியாகும். உயிருள்ள கலத்தில் அதற்கு வேலை உண்டா என்பது வேறு கேள்வி. பைரினொயிட்டில் அந்தச் சந்தேகம் இல்லை. எபிக்-1 இல்லாத கிளமிடோமொனசு சாதாரணக் காற்றில் சரியாக வளர்வதில்லை. காபனீரொட்சைட்டைக் கூட்டிக் கொடுத்தால் தேறிவிடுகிறது.

அப்படியென்றால் இதை நெல்லுக்குள் வைத்தால் என்ன? முதற்படி வேறொரு செடியில் நடந்திருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் 2020இல், ஆய்வுகூடச் செடியான அராபிடோப்சிசில் பாசியின் எபிக்-1ஐயும் பாசி றுபிஸ்கோவின் ஒரு பகுதியையும் சேர்த்தார்கள். செடியின் பச்சையவுருமணிக்குள் துளி திரண்டது. செடி வழக்கம்போல வளர்ந்தது, கூடுதலாக வளரவில்லை. பாசியில் துளியை ஊடறுத்துச் செல்லும் குழாய்கள்தான் உள்ளே காபனீரொட்சைட்டைத் தருகின்றன. வெளியே கசியாமல் மறிப்பது சுற்றியுள்ள மாப்பொருள் உறை. இந்த இரண்டும் சரிவர வேலைசெய்யும்படி செடிக்குள் கட்டுவது மிச்சமுள்ள வேலைகளில் முக்கியமானது.