வீடு கட்ட வருகிறவர்களுக்கு ஒரு ரீ.ஓ. எழுதுவது

ஆகஸ்ட் பிறந்தால் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஏதாவது ஒரு கிறிஸ்தவ சபைக் குழு திருகோணமலைக்கு வந்து இறங்கும். பதினைந்து பேர், எல்லாருக்கும் ஒரே நிற ரீசேட், பிரிக்காத பைக்கற்றில் புதுக் கையுறை. நிலாவெளியில் தங்கி, காலையில் வானில் கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கம் போவோம். வானுக்குள் முதலில் வருகிற கேள்வி எந்த வருசமும் மாறியதில்லை: "நாங்கள் போறதுக்குள்ள வீடு முடிஞ்சிடுமா அண்ணை?"

முடியாது.

இதை அந்த வானுக்குள் வைத்துச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆறு மாதமாகக் காசு சேர்த்து, கேக் விற்று, லீவு எடுத்து வந்திருக்கிறார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன், ரிக்கற் போடுவதற்கு முன்னமே கண்ணில் படட்டும் என்று.

நான் கட்டடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், சுருக்கமாக ரீ.ஓ. சுனாமிக்குப் பிறகு, 2005 இலிருந்து இந்த மாவட்டத்தில் உதவி வீடுகள் எழும்புவதைப் பார்த்து வருகிறேன். அந்த நாளில் கிண்ணியாப் பாலம் இல்லை. சீமெந்து லொறி துறையடியில் பாதைக்காக, அதாவது வாகனம் ஏற்றிக் கடக்கிற மிதவைக்காக, காத்து நிற்கும். நிதி தந்தவர்களுக்கு அந்தத் தாமதம் விளங்குவதே இல்லை. வருசம் முடிய முன் கணக்கு முடிக்க வேண்டும் என்பார்கள். வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசாங்கமும் அப்போது சொல்லியிருந்தது. அவசரத்தில் கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக் கொடுத்த வீடுகளில் சிலவற்றைப் பூட்டிப்போட்டு, தோணியும் வலையும் இருக்கிற இடத்துக்கே சனம் திரும்பிப் போனதையும் பார்த்தேன்.

சீமெந்துக்கு உங்கள் லீவுக் கணக்குத் தெரியாது. கொங்கிறீற் போட்டால் குறைந்தது ஏழு நாளாவது அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும். முழுப் பலத்துக்கு 28 நாள் என்பது பொறியியல் கணக்கு. ஆகஸ்டில் இங்கே கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும். காலையில் போட்ட லின்ரலில் (கதவு யன்னலுக்கு மேலே போகிற கொங்கிறீற் பட்டி) பின்னேரம் கை வைத்தால் சுடும். ஈரச் சாக்குப் போர்த்தி, நாளுக்கு மூன்று நாலு தரம் தண்ணீர் ஊற்றாவிட்டால் மேலே வெடிப்பு விழும். கிணறு வற்றுகிற மாதமும் அதுதான். அப்படியானால் டிசம்பரில், நத்தார் லீவில் வருவோம் என்று நினைப்பீர்கள். அது மாரி. அத்திவாரக் கிடங்கு குளமாக நிற்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் எப்படிக் கிடந்தது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

சுவரும் அப்படித்தான். ஒரு நாளில் நாலு, ஐந்து அடிக்கு மேல் புளொக்கல் அடுக்கினால் அடியில் இருக்கிற சாந்து இறுகுவதற்குள் பாரம் ஏறிவிடும். மேசன்மாருக்கு இது தெரியும். ஆனால் பதினைந்து பேர் கல்லோடு வரிசையில் நிற்கும்போது எந்த மேசன் "இண்டைக்குப் போதும்" என்பார்?

ஒரு பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன். குழு வானில் ஏறிப் போய்விட்டது. வீட்டுக்கார அம்மா மேசனுக்கும் எனக்கும் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். மேசன் ஒரு மிடறு குடித்துவிட்டு, தூக்குக்குண்டை எடுத்து அன்றைக்கு எழும்பின சுவரில் பிடித்தார். குண்டு சுவரில் முட்டாமல் ஒரு விரல் இடை விட்டு ஆடியது. "ரீ.ஓ. தம்பி, மூண்டு வரி கழட்டோணும்" என்றார். சாந்து இன்னும் பச்சை. கல்லைக் கழற்றிக் கழுவி, ரோச் வெளிச்சத்தில் திரும்பக் கட்டினோம். இரவு ஒன்பது தாண்டிவிட்டது. அந்த அம்மா வாசலில் குந்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டியள்தானே மகன்?"

அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அதே அம்மா அந்தக் குழுவுக்கு ஒரு நாள் மத்தியானம் நண்டுக் கறியும் சோறும் கொடுத்தார். கொட்டியாரக் குடா நண்டு, உறைப்பாக, நல்ல கறி. தோட்டை அடைவு வைத்துத்தான் வாங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. வீட்டுக்கு வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை, நீங்கள் வேண்டாமென்றாலும் நடக்கும். ஆகவே சமையல் செலவை முதலிலேயே, உள்ளூர் போதகர் மூலமோ மாதர் சங்கம் மூலமோ, கொடுத்து வையுங்கள். கையில் நேரே கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

"விமான ரிக்கற் காசை அனுப்பியிருந்தால் இன்னும் இரண்டு வீடு கட்டலாமே" என்று ஒரு கதை எப்போதும் வரும். கணக்குப் பார்த்தால் சரிதான். ஆனாலும் நான் அந்தக் கட்சி இல்லை. வந்து பார்த்துப் போனவர்கள் கூரைக்குக் காசு முடிந்தபோது மறக்காமல் அனுப்பியிருக்கிறார்கள். 2022 இல், முந்தி 1,000 ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 3,000 ஐத் தொட்டபோது, லின்ரலோடு நின்ற ஒரு வீட்டை முடித்துக் கொடுத்ததும் அப்படி வந்து போன ஒரு சபைதான்.

பொருளில் ஏமாறாதீர்கள். மலிவு என்று கடல் மணல் பறித்துவிடுவார்கள். உப்பு உள்ளே போய்க் கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும், பூச்சு உவர் பிடித்து உதிரும். நிலாவெளி, குச்சவெளிக் கரையோரக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீரும் அப்படி. வாயில் வைத்துப் பார்த்துக் கரித்தால் கொங்கிறீற்றுக்கு வேண்டாம். புளொக்கல்லை நெஞ்சளவிலிருந்து மண்ணில் போட்டுப் பாருங்கள். முந்தாநாள் அரிந்த கல் என்றால் தூளாகும். கூரை மரத்தைச் சுவருக்கு மேலே சும்மா வைத்துவிட்டுப் போகாமல், பீமில் புதைத்த கம்பியோடு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட கிழவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். காற்று கூரையை எப்படிக் கழற்றும் என்று அவர்கள் சொல்லக் கேட்க வேண்டும்.

வீட்டை விடக் காணிதான் சிக்கல். பேமிற், அதாவது காணி அனுமதிப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் பார்க்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். கிழக்கில் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்குப் போகிற சீதனம், தமிழரிலும் முஸ்லிம்களிலும். நல்லெண்ணத்தில் மருமகனின் பெயரில் எழுதி, அவர் வேறு குடும்பம் தேடிப் போனபின் தாயும் மகளும் கொட்டிலுக்குத் திரும்பின கதை எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் சைவமாக இருந்தால் நிலை வைக்க நாள் நேரம் பார்ப்பார்கள். நேரம் காலை 6.12 என்றால் 6.12 தான், ஒன்பது மணிக்கு வான் வரும்வரை நிலை நிற்காது. மஞ்சள் பூசி, பூ வைத்து, தேங்காய் உடைப்பார்கள். நீங்களும் பக்கத்தில் நின்று பிடியுங்கள். வீடு கட்டித் தருவதற்குக் கைமாறாக ஜெபத்துக்கு வரச் சொல்லிக் கேட்ட குழு ஒன்றும் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிராமத்தில் எந்தச் சபைக்கும் கதவு திறக்க இரண்டு வருசம் பிடித்தது.

போருக்குப் பிறகு இந்திய அரசாங்கம் காசு தந்த வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே, வேலை நகர நகரத் தவணையாக வந்தது. மேசனைப் பிடித்ததும் விலை பேசியதும் அவர்களேதான். குசினி எங்கே, அடுப்புப் புகை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்த வீடுகளில் பின்னுக்குச் சமைக்க ஒரு கொட்டில் முளைத்ததை நான் அதிகம் கண்டதில்லை. உங்கள் காசும் அப்படிப் போகட்டும். நீங்கள் வருகிற நாளில் வீடு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த வேலையைச் செய்யுங்கள். கிடங்கு வெட்டுகிற நாள் என்றால் கிடங்கு. லின்ரல் போட்டு நாலாம் நாள் என்றால் தண்ணீர் சுமக்கிறதுதான் வேலை, படத்துக்கு அழகாக இராது. மலசலகூடக் குழி வெட்டவும் ஆள் வேண்டும். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி.

வருகிற விசாவையும் கவனியுங்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்கும் இடமில்லை. அழைக்கிற சபையிடம் கேட்டு உரிய விசா எடுங்கள்.

கையுறை இங்கேயே வாங்கலாம். பெட்டியில் இடமிருந்தால், மட்டம் பார்க்கிற நல்ல ரசமட்டம் இரண்டு கொண்டுவாருங்கள். போகும்போது மேசனிடம் விட்டுவிட்டுப் போங்கள்.