சப்பீனா என்றால் சம்மன்தானா?

அமெரிக்காவிலிருந்து மகன் போனில் 'சப்பீனா வந்திருக்கு' என்றால், காரைக்குடி ஆச்சி 'எந்த டாக்டரைப் பார்த்தே?' என்றுதான் கேட்பார். லத்தீனில் 'சப்' என்றால் கீழ், 'போயனா' என்றால் தண்டனை. வராவிட்டால் தண்டனை என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் எழுதி அனுப்பிய ஆணையில் இருந்த அந்த இரண்டு சொற்களே ஒட்டிக்கொண்டு காகிதத்துக்குப் பெயராகிவிட்டன. சாட்சி சொல்ல வா, இல்லை கையிலுள்ள ஆவணத்தைக் கொண்டு வா, அவ்வளவுதான் விஷயம்.

நம்மூர் சிவில் கோர்ட்டில் சாட்சிக்கும் சம்மன், பிரதிவாதிக்கும் சம்மன். தமிழில் அழைப்பாணை, அழைப்பும் ஆணையும் சேர்ந்த நல்ல சொல். ஆனால் சப்பீனாவுக்கு வெறும் அழைப்பாணை என்று எழுதினால் பாதிதான் வரும், சாட்சி அழைப்பாணை என்பதே சரி.

அதனால் காகிதத்தில் முதலில் தேட வேண்டியது நாம் சாட்சியா பிரதிவாதியா என்பதை. சாட்சி என்றால், ஆவணம் மட்டும் கேட்டிருந்தால் வேறொருவரிடம் கொடுத்தனுப்பலாம். போகாமலே இருந்தால் வாரண்ட் (பிடியாணை), ஜப்தி, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று போகும். பிரதிவாதி என்றால் 30 நாளில் எதிருரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் மனது வைத்தால் 90 நாள்.

செட்டிநாட்டில் சிக்கல் வேறு. பத்துப் புள்ளிக்கு, அதாவது பத்துக் குடும்பத்துக்கு, பங்குள்ள வீடு, பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், வீட்டில் இருப்பது வாட்ச்மேன் மட்டும். பாகப்பிரிவினை வழக்கில் கோர்ட் ஊழியரான அமீனா சம்மனோடு வந்து (அரபியில் அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர், ஆனால் அவர் தெருவில் நுழைந்தாலே ஊர் பயப்படும்) வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனால் அது சார்வு (சம்மனை முறையாகச் சேர்ப்பித்தல்) ஆகாது. வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் அல்ல என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமே விளக்கம் சொல்கிறது. குடும்பத்தில் வயது வந்த ஆணோ பெண்ணோ வாங்கலாம். ஆளே இல்லையென்றால் வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம், ஆனால் அது நாம் வழக்கமாகக் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். பிள்ளையார் நோன்புக்கு மட்டும் வந்து திறக்கிற வீட்டின் தேக்குக் கதவில் ஒட்டியது செல்லுமா என்று வக்கீல்கள் வாதாட நிறைய இடம் உண்டு. தபாலில் வந்ததை 'வாங்க மாட்டேன்' என்று திருப்பி அனுப்புவது மட்டும் வேண்டாம், அது வாங்கியதற்குச் சமம்.

மற்ற காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பிராது என்பது வழக்குரை, அபிடவிட் பிரமாணப் பத்திரம், டிகிரி தீர்ப்பாணை. வக்காலத்து அரபியிலிருந்து வந்தது, அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வாய்தாவும் அப்படித்தான், மூலப்பொருள் வாக்குறுதி. நம் கோர்ட்டில் அதன் நிலை தெரிந்ததுதானே.

சம்மன் முறையாக வராமலே ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம். ஆனால் கதவில் ஒட்டியதைப் பங்காளி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பியிருந்து, போய்ப் பதில் சொல்ல அவகாசமும் இருந்தது என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், சார்வில் இருந்த குறையை மட்டும் வைத்துத் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது.