பழைய ரேடியோவை இறக்கியதும் பிளக்கில் போடாதீர்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் இருந்து ஒரு அக்கா, தன் அப்பாவின் வால்வு ரேடியோவை, அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்கள் உள்ள செட்டை, பழைய சேலை ஒன்றில் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்தபடியே கொண்டு வந்தார். இருபத்தைந்து வருடமாக அலுமாரிக்கு மேலே கிடந்த பெட்டி. பின் அட்டைக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனதுமே டிரான்ஸ்போமர் கருகிய மணம் அடித்தது. "போட்டுப் பார்த்தனீங்களோ அக்கா?" என்று கேட்டேன். "மகன் ஒருக்கா போட்டவன் தம்பி. ம்ம்ம் எண்டு ஒரு சத்தம் வந்தது. பாட்டு வரும் எண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிண்டம், பிறகு புகை வந்திட்டுது."

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என் மேசைக்கு வரும் பழைய செட்களில் பலவற்றை வயது கொல்லவில்லை. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தடவை பிளக்கில் போட்டதுதான் கொன்றது.

பெட்டிக்கு எத்தனை வயதோ, உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்களுக்கும் அதே வயதுதான். வால்வு ரேடியோவுக்குள் சாதாரணமாக 250 வோல்ட் அளவில் டிசி ஓடும். அதைச் சீராக்கும் பெரிய கண்டென்சருக்குள் அலுமினியத் தகடு, அதன்மேல் மிக மெல்லிய ஒக்சைட் படலம், கூடவே ஈரமான ஒரு இரசாயனம். வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தால் படலம் கெட்டுப்போகும், ஈரமும் காயும். அந்த நிலையில் எடுத்த எடுப்பிலேயே முழு 230 வோல்ட்டில் போட்டால் கண்டென்சர் ஷோர்ட் ஆகலாம். அப்படி ஆனால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு போகும், கூடவே டிரான்ஸ்போமரும் எரியும். கண்டென்சரைப் புறக்கோட்டையில் தேடி வாங்கிவிடலாம். அந்த ரேடியோவுக்கே உரிய டிரான்ஸ்போமரை எங்கே போய் வாங்குவது?

மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் இன்னொரு பிரச்சினை. கொழும்பின் ஈரக் காற்றில், அதுவும் கடல் பக்கத்து வீடுகளில், காகிதம் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வின் கிரிட்டுக்கு, அதாவது அதில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்குப் போகும் சின்னக் கண்டென்சர் கொஞ்சம் கசிந்தாலே போதும், அந்த வால்வு அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்து உள்ளே தகடு சிவக்கும். பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தக் கண்டென்சரை நான் அளந்துகூடப் பார்ப்பதில்லை, நேராக மாற்றிவிடுவேன்.

சரி, இதெல்லாம் சாமானுக்கு வரும் சேதம். மனிதருக்கு வருவதைச் சொல்கிறேன், இதைக் கவனமாக வாசியுங்கள். சில ரேடியோக்களில் மெயின் டிரான்ஸ்போமரே கிடையாது. யூ.சி.எச். 81, யூ.எல். 84 என்று யூ எழுத்தில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் மெயின் வயர் ஒன்றோடு நேராகத் தொடுத்திருக்கும். இரண்டு முள் பிளக்கை ஒரு பக்கம் போட்டால் பெரிதாக ஆபத்தில்லை, திருப்பிப் போட்டால் (மூன்று முள் பிளக்கில் வயரை மாற்றிப் பூட்டினாலும்) சட்டம் முழுக்க 230 வோல்ட். மரப் பெட்டி, பின் அட்டை, பிளாஸ்டிக் குமிழ் எல்லாம் அப்படியே இருக்கும்வரைக்கும்தான் பாதுகாப்பு. ஒரு குமிழ் தொலைந்து வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதை விரலால் திருப்பாதீர்கள். குமிழ் இருந்தாலும் அதன் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகாணியைத் தொட வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே என்கிறார்கள். அது விழுவதே உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான்.

ஜப்பானில் இருந்து வரும் பாவித்த அம்ப்ளிஃபையர்களிலும் இதே அவசரம்தான். பின்னால் 100 வோல்ட் என்று தெளிவாக அச்சடித்திருக்கும். பிளக்கில் தட்டையான இரண்டு முள் இருக்கும். நம் பொயிண்டில் அது போகாது என்று அதை வெட்டிவிட்டு 13 ஆம்பியர் பிளக் பூட்டுகிறார்கள், அந்த இடத்தில் கதை முடிந்தது. 230ஐ 100 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்போமர் கட்டாயம் வேண்டும், அதுவும் தகட்டில் எழுதியிருக்கும் வாட்ஸைவிடத் தாராளமாகத் தாங்கக் கூடியது.

பியூஸையும் பாருங்கள். 50 வாட்ஸ் ரேடியோ இழுப்பது ஆம்பியரில் கால்வாசிகூட இல்லை. பிளக்கில் 13 ஆம்பியர் பியூஸ் இருந்தால் உள்ளே எல்லாம் எரிந்து முடிந்தாலும் அது அசையாது. 3 ஆம்பியர் போடுங்கள். போன பியூஸில் சிகரட் பெட்டித் தாளைச் சுற்றிக் கொண்டு வந்த செட்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

நான் எந்தப் பழைய செட்டையும் முதலில் 60 வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக, அதாவது கரண்ட் பல்ப் வழியாகவே செட்டுக்குப் போகும்படி, இணைத்துத்தான் போடுவேன். எல்ஈடி பல்ப் இதற்குச் சரிவராது. பல்ப் ஒருக்கா பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி, பிரகாசமாகவே நின்றால் உடனே நிறுத்த வேண்டும். இதைப் படித்துவிட்டு வீட்டில் செய்யப் போகாதீர்கள். பல்ப் இருந்தாலும் சட்டத்தில் கரண்ட் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சருக்குள் மிச்சம் நிற்கும்.

அந்த அக்காவின் டிரான்ஸ்போமரைப் பிரித்து, எத்தனை சுற்று, எந்தத் தடிப்புக் கம்பி என்று எண்ணிக் கொப்பியில் எழுதி, புதிதாகச் சுற்றக் கொடுத்திருக்கிறேன். நேற்றுப் போன் எடுத்தார். வீட்டில் அப்பாவின் ரெக்கோட் பிளேயரும் இருக்கிறதாம், மகன் தூசி தட்டிக்கொண்டிருக்கிறானாம். "இப்பவே அதின்ரை பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கோ அக்கா" என்றேன். "பிளக்கை வேறையாய்க் கொண்டு வாங்கோ."