கோஸ்ட் கன்: பேயா, மொட்டையா?

அமெரிக்கச் செய்திகளின் தமிழாக்கத்தில் 'கோஸ்ட் கன்' (ghost gun) 'பேய்த் துப்பாக்கி' ஆகியிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பேய்மழையும் பேய்ச்சுரையும்தான் நினைவுக்கு வரும். தமிழில் ஒரு பெயருக்கு முன்னால் ஒட்டும் 'பேய்' மட்டுமீறியதைச் சொல்லும். இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாத கசப்பைச் சொல்லும். கோஸ்ட் கன் இரண்டுமே இல்லை. மற்றதைப் போலச் சுடும் துப்பாக்கிதான்; தொடரெண் மட்டும் இருக்காது. குற்றம் நடந்த இடத்தில் அது கிடைத்தால், எந்த ஆலை, எந்தக் கடை, யார் வாங்கியது என்று காவல்துறை பின்னோக்கிப் போக முடியாது.

தொழிலாகத் துப்பாக்கி செய்பவர் எண் பொறித்தாக வேண்டும் என்கிறது அங்கே 1968இல் வந்த சட்டம். தனக்கென்று வீட்டில் செய்துகொள்பவரைக் கூட்டரசுச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. நெடுநாள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கை தேர்ந்தவனால்தானே முடியும் என்ற நினைப்பு.

2014 ஜனவரியில் கலிஃபோர்னிய மேலவை உறுப்பினர் கெவின் டி லியோன் அப்படியொரு துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி நிருபர்கள் முன் பேசினார். சொல் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. வீட்டில் செய்யும் துப்பாக்கிக்கும் எண் வேண்டும் என்று அவர் கொண்டுவந்த மசோதாவை ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நிராகரித்தார். அதே ஆண்டு அக்டோபரில், முந்தைய ஆண்டு முப்பரிமாண அச்சில் 'லிபரேட்டர்' கைத்துப்பாக்கியை வெளியிட்டிருந்த கோடி வில்சன், கணினிக் கட்டளைப்படி துப்பாக்கிப் பாகத்தைக் கடைந்து தரும், மேசைமேல் வைக்கும் அளவிலான ஒரு சிஎன்சி எந்திரத்தை விற்பனைக்கு அறிவித்தார். பெயர், 'கோஸ்ட் கன்னர்'. எதிராளி வைத்த பட்டப்பெயரைக் கடைப் பலகையில் எழுதிக்கொண்ட கதை. கோவை லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: ப்ரோக்ராம் ஏற்றியாகிவிட்டால் கைப்பழக்கத்துக்கு அங்கே வேலை குறைவு.

துப்பாக்கி உரிமை ஆதரவாளர்களுக்கு இந்தச் சொல்லே பிடிக்காது. 'வீட்டுத் தயாரிப்பு' என்பார்கள். பாட்டன் காலத்து உரிமை என்பார்கள். அரசு ஆவணங்களில் 'தனியார் செய்த சுடுகலன்' என்றிருக்கும். எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதிலேயே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

வீட்டில் பூட்டிக்கொள்ளும் துப்பாக்கிப் பெட்டிகளைக் கட்டுப்படுத்திய அரசு விதியை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனதும் சொல்லாராய்ச்சியில்தான் முடிந்தது. பாதி முடித்த பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்றால் அது துப்பாக்கியா? ஐகியாவில் வாங்கிய மேசையைப் பூட்டுவதற்கு முன்பே மேசை என்கிறோமே என்றார் நீதிபதி கோர்சச். 2025 மார்ச்சில் 7–2 என்று தீர்ப்பு. அத்தகைய பெட்டிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்த 2022ஆம் ஆண்டு விதி நின்றது. துப்பறிய அனுப்பப்பட்ட எண்ணில்லாத் துப்பாக்கிகள் 2017இல் சுமார் 1,600. 2021இல் 19,000க்கு மேல் என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'துப்பாக்கி'யே துருக்கி மொழி வழி வந்தது. ஈழத்தில் 'துவக்கு' என்பார்கள். அதை விட்டுவிடலாம், முன்னொட்டுதான் சிக்கல். 'ஆவித் துப்பாக்கி' என்றால் இட்லிப் பானை நினைவு வரும். 'எண்ணிலாத் துப்பாக்கி' என்றால் கணக்கற்ற துப்பாக்கிகள். இந்திய ஆயுதச் சட்டம் (1959) 'அடையாளக் குறி' இல்லாதவற்றை விற்கத் தடை விதிக்கிறது. ஆனால் 'குறியில்லாத் துப்பாக்கி' என்றால் குறி தவறுகிற துப்பாக்கி என்றாகிவிடும். 'நாட்டுத் துப்பாக்கி'யும் பொருந்தாது; நம் மலைக் கிராமங்களில் உரிமத்தோடு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளும் உண்டு.

அனுப்பியவர் பெயரில்லாக் கடிதத்தை நாம் என்ன சொல்கிறோம்? மொட்டைக் கடுதாசி. எழுத்து இருக்கும், விஷயம் இருக்கும், ஆளைப் பிடிக்க மட்டும் முடியாது. அந்தக் கணக்கில் 'மொட்டைத் துப்பாக்கி' என்பதே என் தேர்வு. குழல் அறுத்த துப்பாக்கியோ என்று சிலர் மயங்கக்கூடும். அதனால் செய்தியில் முதல் முறை 'தொடரெண் இல்லாத மொட்டைத் துப்பாக்கி' என்று முழுதாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து மொட்டை அடித்துக்கொள்ளலாம்.