வட ஆறுகளில் பாசி இனங்கள் கூடுகின்றன: மகிழ வேண்டாம்

ஆற்றுப் பாசி என்றாலே வழுக்கும் பச்சைப் படலம்தான் நினைவுக்கு வரும். அலாஸ்கா, வட கனடா, லாப்லாந்து, சைபீரியா பக்கத்துக் குளிர் ஓடைகளில் ஒரு கல்லைத் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டுவது பெரும்பாலும் பழுப்பாக இருக்கும். அது டயாட்டம். சிலிக்காவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் பாசி.

பல் துலக்கும் பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துக் குழம்பைச் சேகரிப்போம். ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால் கரிமப் பொருள் கரைந்து ஓடுகள் மட்டும் மிஞ்சும். ஓட்டின் வரிகளை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரித்து எண்ண வேண்டும். முதுகு ஒடிக்கும் வேலைதான், ஆனால் ஆற்றின் தட்பவெப்ப வரலாறு அதில்தான் கிடைக்கிறது.

அங்கே ஆண்டில் பாதிக்கு மேல் பனிக்கட்டி ஆற்றை மூடியிருக்கும். மேலே படியும் பனி வெளிச்சத்தையும் தடுத்துவிடும். வசந்தத்தில் அந்தக் கட்டி உடைந்து நகரும்போது கற்களைச் சுரண்டிக்கொண்டு போகும். அதன் பிறகு, துருவ வட்டத்துக்கு வடக்கே, சூரியன் மறையாத சில வாரங்கள். வளர்ச்சி முழுவதும் அந்தச் சிறு இடைவெளியில் நடந்தாக வேண்டும். அதற்கென்றே பழகிய இனங்கள் உண்டு. ஹைட்ரூரஸ் என்ற பொன்பழுப்புப் பாசி பனி உருகும் நீரில் கொழுத்து வளரும், மீன் நாற்றம் அடிக்கும், நீர் பத்து டிகிரியை நெருங்கித் தாண்டினால் பெரும்பாலும் காணாமல் போய்விடும். வில்போல் வளைந்த ஹன்னேயா என்ற டயாட்டமும் குளிர்ந்த ஓட்டத்தை விரும்புவதுதான்.

இப்போது பனிக்கட்டி தாமதமாக உருவாகி முன்னதாகவே உடைகிறது. வளர்காலம் நீள்வதால் எங்கும் பிழைக்கும் பொது இனங்கள் உள்ளே நுழைகின்றன. கணக்கெடுத்தால் இன எண்ணிக்கை உயரக்கூடும். அறிக்கையில் ‘பல்வகைமை மேம்பட்டது’ என்ற வரியும் ஏறிவிடும். எனக்கு அந்த வரி பிடிப்பதில்லை. வந்தவை வேறெங்கும் வாழத் தெரிந்தவை. இழப்பதோ குளிரைத் தவிர வேறிடம் இல்லாதவை. அவை வடக்கே நகர்ந்துகொண்டே போனால் ஆர்க்டிக் கடல்தான் மிஞ்சும். ஒவ்வோர் ஆற்றிலும் எண்ணிக்கை கூடியிருக்க, ஆறுகள் எல்லாம் ஒரே முகமாகிவிடும் விபரீதமும் இதில் இருக்கிறது.

உணவுச் சங்கிலிக்கும் இது சின்ன விஷயமல்ல. டயாட்டங்களில் உள்ள நீள் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் நீர்ப்பூச்சிகள் வழியாக சால்மன் குஞ்சுகள் வரை போய்ச் சேர்கின்றன. அவற்றின் இடத்துக்கு நீலப்பச்சைப் பாசி வந்தால், அது அவ்வளவு சத்தானதல்ல.

வெப்பம் மட்டுமே காரணம் என்று நிறுத்திவிடவும் முடியாது. நிரந்தர உறைமண் இளகும்போது தேநீர் நிறக் கரிமப் பொருளும் வண்டலும் நீரில் கலந்து வெளிச்சத்தைக் குறைக்கின்றன, சத்துகளும் சேர்கின்றன. அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் இரும்பு கலந்து செம்மஞ்சளாகிவிட்ட ஓடைகளும் இப்போது இருக்கின்றன.

சத்து கூடினால் என்ன ஆகும் என்பதை அதே மாநிலத்தின் குபாரக் ஆறு காட்டியது. 1983 முதல் கோடைதோறும் அதில் பாஸ்பரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதலில் டயாட்டங்கள் பெருகின, அவற்றைத் தின்னும் பூச்சிகளும் பெருகின. ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நீருக்கடியில் வளரும் மாஸ் (moss) என்ற சிறு செடிகள் படுகையை மூடி, ஆறே வேறாகிவிட்டது. மூன்றாண்டுத் திட்டமாக இருந்திருந்தால் முடிவு தலைகீழாக எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே கண்காணிப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன எண்ணிக்கையோடு பெயர்ப் பட்டியலையும் வெளியிடுங்கள். குளிர் விரும்பிகளின் பங்கைத் தனியாகக் காட்டுங்கள். மாதிரி எடுக்கும் நாளை நாட்காட்டியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பனிக்கட்டி உடைந்த நாளையும் குறித்து, அதிலிருந்து எத்தனையாவது வாரம் என்று எழுதிவையுங்கள். பனி இரண்டு வாரம் முந்தி உடைந்த ஆண்டின் ஜூலை மாதிரியும் வழக்கமான ஆண்டின் ஜூலை மாதிரியும் ஒரே பருவத்தைச் சேர்ந்தவை அல்ல.