ரோபோ போடும் பர்ச்சேஸ் ஆர்டர்: நின்றுபோகும் பில்லை யார் பார்ப்பது?

கொள்முதல் பிரிவுக்கு ரோபோ வருகிறது என்றதும் சிலர் கையும் காலும் உள்ள இயந்திரத்தைக் கற்பனை செய்கிறார்கள். வருவது ஒரு மென்பொருள். பர்ச்சேஸ் உதவியாளர் கணினியில் என்னென்ன செய்வாரோ அதையே அதுவும் செய்யும். மின்னஞ்சலைத் திறக்கும், எக்செல் தாளிலிருந்து எண்ணை எடுக்கும், எஸ்.ஏ.பி. என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளின் திரையில் நிரப்பும், பொத்தானை அழுத்தும். அதற்கென்று தனி யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் உண்டு. எங்கள் துறையில் இதை ஆர்.பி.ஏ. (ரோபோட்டிக் ப்ராசஸ் ஆட்டோமேஷன்) என்போம். யூஐபாத், ஆட்டோமேஷன் எனிவேர், மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் போன்ற மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இவற்றை அமைத்துக் கொடுப்பதும், அமைத்தவை தடுமாறும்போது போய்ப் பார்ப்பதும் என் தொழில்.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஒரு தொழிற்சாலை வாங்கும் பொருள்களில் பேரம் பேசி வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். கையுறை, காட்டன் வேஸ்ட், வெல்டிங் ராடு, கட்டிங் ஆயில், அட்டைப்பெட்டி என்று மாதாமாதம் அதே சப்ளையரிடம், ஏற்கெனவே பேசி முடித்த விலையில் வாங்குபவைதான் ஏராளம். இவற்றுக்கு ஸ்டோர்ஸில் இருந்து வரும் இன்டென்டை, அதாவது தேவைச் சீட்டைப் படித்து, ஒப்பந்த விலையைச் சரிபார்த்து, பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, சப்ளையருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வேலையை ரோபோ இரவிலேயே முடித்துவிடும். ஒரே எண்ணை மூன்று திரைகளில் தட்டச்சு செய்துகொண்டு இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தவர்கள் வேளையோடு வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலையில் மனிதரை வைத்திருந்ததே தவறு என்றுதான் சொல்வேன்.

ஆனால் ரோபோவை விற்க வருபவர்கள் செய்து காட்டும்போது, எல்லாம் சரியாக இருக்கும் ஓர் இன்டென்டையும் எல்லாம் பொருந்தும் ஒரு பில்லையும் கொண்டுவருவார்கள். திரைகள் தாமாகத் திறந்து மூடுவதைப் பார்த்து நிர்வாக இயக்குநர் அசந்துபோவார். அந்த அறையில் யாராவது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இது எங்கெங்கே நிற்கும்? நின்றால் அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள்?

கட்டிங் ஆயிலையே எடுத்துக்கொள்வோம். அது 210 லிட்டர் பேரலில் வரும். ஷாப் ஃப்ளோரில் எல்லோரும் பேரல் கணக்கில் பேசுவார்கள். கணினியில் பொருள் பட்டியலைப் பதிந்தவர் அலகை லிட்டர் என்று போட்டிருப்பார். ஸ்டோர்ஸ்காரர் இன்டென்டில் 2 என்று எழுதுகிறார். உதவியாளர் ஒருவர் பார்த்தால், ‘இரண்டு பேரல்தானே அண்ணா?’ என்று இன்டர்காமில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு 420 என்று போட்டுவிடுவார். ரோபோ இரண்டு லிட்டருக்கு ஆர்டர் அனுப்பும். இதாவது பரவாயில்லை, காலையில் சப்ளையரே தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுவார். அலகு பேரல் என்று பதிவாகியிருந்து இன்டென்டில் 420 என்று வந்தால் என்ன ஆகும்? 420 பேரலுக்கு ஆர்டர் தயாராகிவிடும்.

அதனால்தான் ரோபோவை இயக்குவதற்கு முன் பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யச் சொல்கிறேன். வாரக்கணக்கில் ஸ்டோர்ஸ் ஆட்களோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய, யாரும் கைதட்டாத வேலை இது. கூடவே ஒரு கட்டுப்பாடும் வேண்டும். வழக்கமான மாத நுகர்வைவிட ஓர் இன்டென்ட் பல மடங்காக இருந்தால் ரோபோ அதை ஆர்டராக மாற்றாமல் ஒருவருடைய பார்வைக்கு அனுப்ப வேண்டும். மொத்தத் தொகைக்கும் இதே போன்ற உச்சவரம்பு தேவை. ஆனால் ஐம்பதாயிரத்துக்கு மேல் மேலாளர் ஒப்புதல் வேண்டும் என்று வைத்தால், ஒரே பொருளுக்கு நாற்பத்தொன்பதாயிரத்தில் இரண்டு இன்டென்ட் வரத் தொடங்கும். இரண்டும் தனித்தனியே விதிக்குள் இருப்பதால் ரோபோ இரண்டையும் நிறைவேற்றும். ஒரே சப்ளையருக்கு ஒரு வாரத்தில் போன ஆர்டர்களைக் கூட்டிப் பார்க்கும்படி அதற்குச் சொல்லிவைத்தால்தான் பார்க்கும்.

சப்ளையர் பட்டியலிலும் இதே கதைதான். ‘ஸ்ரீ’ என்பதற்குப் பின் இடைவெளி விட்டு ஒரு பதிவு, விடாமல் இன்னொன்று, ‘அண்ட் கோ’ சேர்த்து மூன்றாவது என்று ஒரே நிறுவனம் மூன்று முறை இருக்கும். பெயரை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் முடிவே வராது. ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துப் பாருங்கள். பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33; அடுத்த பத்து அந்த நிறுவனத்தின் பான் எண். பான் எண்ணும் மாநிலமும் ஒன்றாக இருக்கும் பதிவுகளை எல்லாம் வரிசைப்படுத்தினால் இரட்டைப் பதிவுகள் ஒரே நாளில் வெளியே வந்துவிடும். இவற்றை ஒன்றாக்காமல் ரோபோவை ஓடவிட்டால் ஒரே பில்லுக்கு இரண்டு பெயரில் பணம் போகும் வாய்ப்பு உண்டு.

இனி பில்லுக்கு வருகிறேன். என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். பர்ச்சேஸ் ஆர்டர், ஸ்டோர்ஸ் போடும் சரக்கு வரவுச் சீட்டு, சப்ளையரின் பில் ஆகிய மூன்றும் அளவிலும் விலையிலும் ஒத்துப்போனால் ரோபோ பில்லைக் கணக்கில் ஏற்றும். ஒத்துப்போகாவிட்டால் ஒதுக்கி வைக்கும். ஒதுக்கப்படுவது யாருடைய பில் என்று ஒரு முறை பட்டியலை எடுத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்கு மின்னணு பில்தான் (இ-இன்வாய்ஸ்) கொடுக்க வேண்டும். அதில் இருக்கும் க்யூஆர் குறியீட்டில் பில் எண், தேதி, தொகை, இருதரப்பு ஜி.எஸ்.டி. எண்கள் எல்லாம் இருக்கும். ரோபோ அதைப் பிழையில்லாமல் படித்துவிடும். எனவே பெரிய சப்ளையரின் பில் தடங்கலில்லாமல் போகிறது. நாலு லேத் மிஷின் வைத்துத் தொழில் நடத்துபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் பில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மங்கலாக அச்சாகி, கைபேசியில் படம் எடுக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் வருகிறது.

அந்தப் படத்தில் ரோபோ தடுக்கி விழுவது சின்னச் சின்ன இடங்களில்தான். பில் எண்ணில் பதினாறு எழுத்துகள் வரை இருக்கலாம், சாய்கோடும் சிறுகோடும் போடலாம் என்கிறது ஜி.எஸ்.டி. விதி. சப்ளையர் பில்லில் சாய்கோடு போட்டிருப்பார். அவருடைய கணக்கர் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும்போது சாய்கோடு இல்லாமல் ஏற்றியிருப்பார். பூஜ்யத்தை ரோபோ ஆங்கில ‘ஓ’ எழுத்தாகப் படித்திருக்கும். சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களைத் தொகுத்து வாங்குபவருக்கு மாதம் 14ஆம் தேதி வெளியாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் அந்த எண் இல்லை என்று பில்லைத் தள்ளிவைக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத பில்லுக்கு 2022 ஜனவரி முதல் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த ஜி.எஸ்.டி.யைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது என்பதால் இந்தச் சரிபார்ப்பு தேவையானதுதான். ஆனால் ஒரு சாய்கோட்டுக்காக ஒருவருடைய கூலிப் பணம் நிற்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் தவிர மற்றதை நீக்கிவிட்டு ஒப்பிடும்படி ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும். பல இடங்களில் யாரும் கேட்காததால்தான் அது நடப்பதில்லை.

ரோபோ வருவதற்கு முன்பு அந்த லேத் பட்டறைக்காரர் அக்கவுண்ட்ஸில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பார். ‘பில்லுல சின்னத் திருத்தம் சார், மாத்திக் குடுத்துடறேன்’ என்று அன்றைக்கே முடிந்துவிடும். ரோபோ வந்த பிறகு அந்த அக்கவுண்ட்ஸ்காரர் வேறு பிரிவுக்குப் போய்விடுகிறார். பதில் வராத ஒரு மின்னஞ்சல் முகவரிதான் சப்ளையருக்கு மிஞ்சுகிறது. ஒதுக்கப்பட்ட பில்களின் பட்டியல் தினமும் காலையில் ஒருவர் மேஜைக்கு வர வேண்டும். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு பர்ச்சேஸ் ஆர்டரிலும் அச்சாக வேண்டும். இந்த ஒன்றை ஏற்காத நிறுவனத்துக்கு ரோபோ அமைக்க நான் முன்வருவதில்லை.

இதில் கருணையோடு சட்டமும் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கினால் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்களுக்குள் என்று 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. போதாக்குறைக்கு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, கெடு தாண்டிக் கிடக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் சட்டம் நாள்களை எண்ணுகிறது. சரக்கு வந்த 15 நாள்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்து சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். நான் பார்த்த ரோபோ அமைப்புகள் பலவற்றில் பில் கணக்கில் ஏறிய நாளிலிருந்து எண்ணும்படி வைத்திருந்தார்கள். ஒரு பில் முப்பது நாள் ஒதுக்கப்பட்டுக் கிடந்து பிறகு ஏறினால், ரோபோவின் கணக்கில் இன்னும் 45 நாள் பாக்கி; சட்டத்தின் கணக்கில் 15 நாள்தான். ஆண்டு இறுதியில் ஆடிட்டர் சொல்லித்தான் இது பலருக்குத் தெரியவருகிறது. உங்கள் நிறுவனத்தில் ரோபோ எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறது என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பணம் போகும் வழி. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமசவுஸ்காஸ் என்பவர், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். 2013 முதல் 2015 வரை போலி மின்னஞ்சல்களும் பில்களும் அனுப்பி கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரண்டிடமிருந்தும் 12 கோடி டாலருக்கும் மேல் தன் வங்கிக் கணக்குகளுக்கு வரவழைத்தார். 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை விதித்தது. அங்கே ஏமாந்தவர்கள் மனிதர்கள். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய விவரம் இணைப்பில்’ என்ற மின்னஞ்சலைப் படித்து சப்ளையர் பட்டியலைத் திருத்தும் அதிகாரத்தை ரோபோவிடம் கொடுத்துவிட்டால், சந்தேகப்பட அங்கே ஆளே இருக்காது. வங்கி விவர மாற்றத்தை ஒரு மனிதர், ஏற்கெனவே பதிவில் உள்ள பழைய தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்ய வேண்டும். மின்னஞ்சலில் புதிதாக வந்திருக்கும் எண்ணில் அழைப்பதால் பயனில்லை.

சப்ளையரைச் சேர்ப்பவர் ஒருவர், ஆர்டர் போடுபவர் வேறொருவர், பணம் விடுவிப்பவர் மூன்றாமவர் என்று பிரித்து வைப்பது கணக்கியலின் பழைய பாதுகாப்பு. மனிதர்களுக்கு இதைக் கண்டிப்போடு வைத்திருக்கும் நிறுவனங்களே, அனுமதிக் குறைவால் ரோபோ நடுவில் நின்றுவிடுகிறது என்று சொல்லி அதன் ஒரே யூசர் ஐடிக்கு மூன்று அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுகின்றன. அந்த பாஸ்வேர்டு ஓர் எக்செல் தாளில் எழுதப்பட்டிருக்கும், அது தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். பெட்டகச் சாவியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போவதுபோல இது. ஒவ்வொரு வேலைக்கும் தனி ஐடி கொடுங்கள். பணம் விடுவிக்கும் இறுதி ஒப்புதலை ரோபோவுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

ரோபோ திரையைப் பார்த்து வேலை செய்வது என்பதால், மென்பொருளில் ஒரு பொத்தான் இடம் மாறினாலும் நின்றுவிடும். பாஸ்வேர்டு காலாவதியானாலும் நின்றுவிடும். அதற்காக, கையால் ஆர்டர் போடத் தெரிந்தவர்கள் இருவராவது பிரிவில் இருக்க வேண்டும். ஆள்குறைப்புக் கணக்குப் போடும்போது இதை யோசிப்பவர்கள் குறைவு.

இதைப் படிக்கும் சிறு சப்ளையர்களுக்கும் சில வார்த்தைகள். உங்கள் வாடிக்கையாளர் ரோபோவுக்கு மாறுகிறார் என்றால் பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணையும், ஆர்டரில் உள்ள அதே பொருள் வரிசையையும் அலகையும் போடுங்கள். பில்லில் உள்ள எண்ணையே ஒரு புள்ளி மாறாமல் ஜி.எஸ்.டி. தாக்கலிலும் ஏற்றச் சொல்லுங்கள். படம் எடுத்து அனுப்புவதைவிட, பில் போடும் மென்பொருளிலிருந்தே பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு எண்ணைப் பில்லிலேயே அச்சிடுங்கள். நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனம் என்பதை ரோபோவும் ஆடிட்டரும் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். சரக்கு இறக்கியதும் டெலிவரி சலானில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். 45 நாள் கடந்தும் பணம் வராமல், பேசியும் பயனில்லை என்றால், மத்திய எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையதளத்தில் முறையிடலாம். அந்த முத்திரைத் தேதிதான் அங்கே உங்கள் சாட்சி.